மூன்று வீட்டுக்கு ஒரு லம்பேர்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பெயர் இருந்ததாம், அந்த ஒரு பெயருக்கு மூன்று வீடு இருந்ததாம், மூன்று வீட்டுக்கும் அந்தப் பெயரை வைத்தவன் கப்பலேறிப் போய் எத்தனையோ காலம் ஆயிற்றாம். ஊர் எது என்றால் மேட்டுச்சாவடி. புதுச்சேரியிலிருந்து மேற்கே போனால் ஏரி முடிகிற இடத்தில் செம்மண் மேடு தொடங்கும், அங்கே. பெயர் எது என்றால் லம்பேர்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட நாளில், பழைய வழக்கத்தையெல்லாம் விட்டுவிட்டு எங்கள் சட்டத்துக்குள் வருகிறவர்களுக்குப் புதுக் குடும்பப் பெயர் கொடுப்போம் என்று அறிவித்தார்கள். மேட்டுச்சாவடியிலிருந்து மூன்று பேர் போனார்கள். மாதா கோயில் தெருவிலிருந்து ஒருவர், கடைத்தெருவிலிருந்து ஒருவர், ஏரித்தெருவிலிருந்து ஒருவர். மூன்று பேரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்காதவர்கள். போகும்போதும் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற இடம் விட்டுத்தான் நடந்தார்கள். நல்ல சித்திரை வெயில். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த துரைக்குக் கழுத்துப்பட்டை ஈரமாகி, காலையிலிருந்து யோசித்து யோசித்துப் பெயர் கொடுத்த களைப்பில், முதலில் வந்தவரைப் பார்த்து லம்பேர் என்றான், இரண்டாவது ஆளைப் பார்த்து லம்பேர் என்றான், மூன்றாவது ஆள் படியேறுவதற்கு முன்பே லம்பேர் என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான்.

ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அவன் மூன்று தடவை சொன்னானே தவிரக் கொடுத்தது ஒரு பெயரைத்தான் என்று. அது ஒரு வீட்டில் இருக்கும்போது மற்ற இரண்டு வீட்டிலும் இருக்காது. இல்லாத வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் மை காய்ந்ததும் தாள் வெள்ளையாகிவிடும். தபால்காரர் வாசல்வரை வந்து, எதற்கு வந்தோம் என்று மறந்து, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவார். மளிகைக்கடையில் முதலில் போய் நின்றாலும் பின்னால் நிற்கிறவருக்குத்தான் நிறுத்துக் கொடுப்பார்கள். ஆள் தொலைந்து போவதில்லை, வலியொன்றும் இல்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குப் பக்கத்திலிருக்கிற சாமான் தெரியாத மாதிரி கொஞ்சம் மங்கிவிடுவார்கள், அவ்வளவுதான்.

ஊர் இதற்காக மலைத்துப் போகவில்லை. ஏரித் தண்ணீரையே முறை வைத்துப் பாய்ச்சுகிற ஊர். பெயருக்கும் ஒரு முறை வைத்தால் போயிற்று என்றார்கள். திங்களும் செவ்வாயும் மாதா கோயில் தெரு வீட்டுக்கு. புதனும் வியாழனும் கடைத்தெரு வீட்டுக்கு. வெள்ளியும் சனியும் ஏரித்தெரு வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்கு. கை மாற்றுகிற விதமும் எளிதுதான். முறை முடிகிற சாயங்காலம், பெயர் வைத்திருக்கிறவர் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று "லம்பேர்!" என்று கூப்பிட வேண்டும்; உள்ளே இருந்து யாராவது "வந்தேன்" என்று குரல் கொடுக்க வேண்டும்; கொடுத்த நிமிஷம் பெயர் அவர்களுடையது. சனிக்கிழமை மட்டும் ஏரித்தெரு வீட்டார் கரையில் போய் நின்று தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஞாயிறு முழுக்கப் பெயர் ஏரிமேலே நீர்க்காகங்களோடு அலைந்துகொண்டிருக்கும். திங்கட்கிழமை விடியலில் மாதா கோயில் தெரு வீட்டுக் கதவைத் திறந்து "வந்தேன்" என்றால் வந்து சேர்ந்துவிடும்.

இப்படியே தலைமுறை தலைமுறையாக ஓடியது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கிற இடத்தில் இன்றைக்கு யார் லம்பேர் என்று கேட்கிற பழக்கம் ஊருக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் லம்பேர் என்று கூப்பிட்டால் அன்றைய வீட்டுப் பிள்ளை மட்டும் உள்ளேன் ஐயா என்னும். ஏரித்தெரு வீட்டில் ஒருத்திக்கு வியாழக்கிழமை வலி வந்தால், "அவசரப்படாதம்மா, விடிஞ்சா வெள்ளி" என்று மருத்துவச்சி முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள். கடைத்தெரு லம்பேர் ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தாவாக இந்தோசீனாவுக்குப் போனாரே, அவரைத் தன் முறை இல்லாத நாளில் குண்டுக்கு அடையாளம் தெரியவில்லை. முறை உள்ள நாளில் அவர் பதுங்குகுழியை விட்டு எழுந்திருக்கவில்லை. முழுசாகத் திரும்பி வந்து, பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்து, ஒரு புதன்கிழமை, சொந்த முறையில், முருங்கை மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார்.

ஒரே ஒரு கட்டுப்பாடுதான் உண்டு. பெயரை எதிலும் நிலையாகப் பதிக்கக் கூடாது. ஒரு காலத்தில் மாதா கோயில் தெரு லம்பேர் ஒருவர் இறந்தபோது, நம் முறைதானே என்று கல்லறையில் பெயரை வெட்டிவிட்டார்கள். பெயர் கல்லைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றுவிட்டது. மழைக்காலம் முடிகிற மட்டும் மூன்று வீடும் வெறுமனே கிடந்து, கடைசியில் உளி வைத்துக் கொத்திய பிறகுதான் விடுபட்டது. அன்றிலிருந்து லம்பேர் கல்லறைகளில் எழுத்துக் கிடையாது. கூப்பிடலாம், கையால் எழுதலாம். கல்லில் கூடாது, அச்சில் கூடாது.

காலம் போய்ப் போய், மூன்று வீட்டிலும் பெயர் வெளியே தெரிய வேண்டிய வேலை செய்கிறவர்களாகவே வந்து சேர்ந்தார்கள். மாதா கோயில் தெருவில் பிலோமின், புதுச்சேரிக் கல்லூரியில் ஜியாலஜி டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், கையில் சுத்தியலோடு செம்மண் மேடு முழுக்க நடந்து தீர்த்தவர். கடைத்தெருவில் தாண்டவராயன், சென்னையில் பல பேருடைய படத்துக்குக் கேமரா பிடித்துவிட்டு, தாடி நரைத்த பிறகு ஊருக்கு வந்து அந்த ஏரியைப் பற்றிச் சொந்தமாக ஒரு படம் எடுத்தவர். ஏரித்தெருவில் செலின், கார்ட்டூன் படங்களுக்கு வரைகிறவள்; ஒரு ஆள் நடப்பதைக் காட்ட ஒன்றன்பின் ஒன்றாக எத்தனையோ தாளில் அதே ஆளைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரைவாளே, அந்த வேலை. அவளுடைய அப்பா சூசை, பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

மேட்டில் யாரோ கிணறு வெட்டப் போக, பாறையடுக்கிலிருந்து ஒரு நத்தை வந்தது. கல்லாகிப்போன நத்தை; உள்ளங்கை அளவு; கடல் இங்கேவரை இருந்த காலத்தில் ஊர்ந்து திரிந்தது. பிலோமின் அதைத் தூரிகையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அதுவரை உலகத்தில் யாரும் பார்த்திராத வகை. திருச்சியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க கண்டுபிடிச்சதுக்கு உங்க பேரை நீங்களே வச்சுக்கக் கூடாது, அது மரியாதையில்ல. நான் வைக்கறேம்மா. நத்தைக்குப் பின்னால லம்பேர்னு சேர்த்து அச்சுல வந்துட்டா, அப்புறம் உலகம் இருக்கற மட்டும் அதை யாரும் மாத்த முடியாது."

மாற்ற முடியாது என்பதுதான் விஷயம். அச்சில் வந்த நாளோடு பெயர் நத்தையிடம் போய்விடும், திரும்பி வராது.

ஏரித்தெரு முனையில் கோதண்டம் என்பவரின் டீக்கடை. ஊர்ப் பேச்சு அங்கேதான் காயும்.

"நத்தைக்குப் போயி பேரா? கூப்பிட்டா வருமா அது?"

"வராது. அதனாலதான்யா அதுக்குக் குடுக்கறாங்க. முறை கேட்டு சண்டைக்கு வராது பாரு."

"அப்ப அந்த மூணு வீட்டையும் இன்னான்னு கூப்பிடறது?"

"லம்பேருக்கு முன்னாடி இன்னான்னு கூப்பிட்டாங்களோ அப்படித்தான்" என்றார் கோதண்டம், பாலை ஆற்றிக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள்.

பிலோமினுக்கு அந்தச் சிரிப்புக் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெயரைக் கொடுக்கக் கடைத்தெருவுக்குப் போனவர், கூப்பிடாமல் வாசலிலேயே நின்றார்.

"என்ன டீச்சரம்மா, என் பேரை மென்னுக்கிட்டே நிக்கறீங்க?" என்றார் தாண்டவராயன் உள்ளேயிருந்து.

"ஒண்ணு கேக்கணும் அண்ணே. நத்தைக்குக் குடுத்துட்டா உங்க படம் என்னாகும்?"

"எனக்கின்னா. பேரை அச்சடிக்கக் கூடாதே, டைட்டில் ஓடற இடத்துல இப்பவே வெறும் ஏரிதான் ஓடுது. இந்த வயசுல பேர் வந்தா இன்னா, போனா இன்னா, தெருவுல எல்லாம் தாடிக்காரான்னுதான் கூப்பிடறான். குடுத்துடுங்க. வாழ்நாளெல்லாம் கல்லோட மாரடிச்சீங்க, எழுதினதெல்லாம் அடுத்தவன் பேர்ல வந்துச்சு. ஒரு நத்தையாவது உங்களைச் சொல்லட்டும்."

பிலோமினுக்கு ஆசை என்றால் சின்ன ஆசையா? எத்தனை வெயில், எத்தனை மேடு, எத்தனை கட்டுரை வாரத்தில் ஐந்து நாள் வெள்ளைத் தாளாகப் போய், பக்கத்து மேசைக்காரர் பெயரில் அச்சாகி வந்தது. ஏரித்தெரு வீட்டிலும் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். அந்த வீட்டுக்கு அவர் போனதில்லை. போக வேண்டிய வேலையும் இருந்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம் செலின் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முறை இல்லாத நாளில் வந்ததால் அவள் மங்கலாக இருப்பாள் என்று பிலோமின் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவள் பளிச்சென்றுதான் இருந்தாள்.

"மிஸ், நத்தை எங்க?"

எடுத்துக் கொடுத்தார். செலின் அதன் சுற்றை விரலால் தொடர்ந்துகொண்டே போய், நடுவில் வந்து நிறுத்தினாள். "அழகா இருக்கு" என்றாள், மனதாரவே. "இதுக்குப் பேர் வச்சே ஆகணுமா?"

"வைக்கலன்னா இது ஒண்ணு இருந்ததே யாருக்கும் தெரியாமப் போயிடும் செலின்."

"உங்க பேரை வச்சா?"

"நான் ஒருத்தி இருந்ததும் தெரியும்."

செலின் தலையாட்டினாள். "பேர் இல்லாத நாள்ல இன்னா மிஸ் பண்ணுவீங்க?"

"தூங்குவேன். மேட்டுல போயி கல் பொறுக்குவேன். யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. உண்மையைச் சொன்னா அதுதான் எனக்கு லீவு."

"எங்களுக்கு லீவு இல்ல மிஸ்."

பையிலிருந்து இரண்டு கட்டுத் தாளை எடுத்தாள். கிளிப் போட்ட மெல்லிய தாள்கள், ஒவ்வொன்றிலும் பென்சில் படம். "எங்கப்பா வீட்டுலேர்ந்து டீக்கடைக்கு நடக்கறாரு. இது வெள்ளிக்கிழமை. புரட்டுங்க."

பிலோமின் கட்டைவிரலை வைத்துப் புரட்டினார். சூசை நடந்தார். கை வீசியது, தோளில் துண்டு கிடந்தது, நடுவில் ஏரிப்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், யாருக்கோ தலையசைத்தார், மூலைவரை போனார்.

"இது திங்கக்கிழமை."

அதே தெரு, அதே சட்டை, அதே துண்டு. ஒரு தாளையும் அடுத்த தாளையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. புரட்டினால் தெரிந்தது. தலை ஒரு பென்சில் கோட்டின் தடிமன் அளவு இறங்கியது, இன்னும் ஒரு கோடு இறங்கியது. எடுத்து வைக்கிற எட்டு சிறிதானது. மூலை நெருங்க நெருங்கத் துண்டு தோளிலிருந்து நகர்ந்து, கக்கத்துக்கு வந்து, கடைசித் தாளில் சுருட்டிக் கையில் இருந்தது. பிலோமின் மறுபடி புரட்டினார். மறுபடியும் அது இறங்கியது.

"அவரா எறக்கறதில்ல மிஸ். அவருக்கே தெரியாது. எனக்கே தெரியாது, பக்கத்துலயே இருந்தும். ஒவ்வொண்ணா வரைஞ்சப்ப என் கைதான் அங்க கொண்டு போச்சு."

"பேர் இல்லன்னா எல்லாரும் மங்கித்தானே போறோம்?"

"நீங்க மங்குவீங்க. எங்களை அன்னிக்குத்தான் எல்லாருக்கும் நல்லாத் தெரியும்." செலின் தாள்களைத் தட்டிச் சேர்த்தாள். "உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஏன் ஒரு ஞாயித்துக்கிழமை வருது, யோசிச்சிருக்கீங்களா?"

"அது ஆண்டவருக்குன்னு…"

"ஆண்டவரு கேட்டாரா? எங்க ஆளுங்க உங்க வாசல்ல வந்து நின்னு கூப்பிடக் கூடாது, நீங்க எங்க வாசலுக்கு வரக் கூடாது. அதுக்கு நடுவுல ஒரு ஏரியை வச்சாங்க."

இரண்டு பாறையடுக்குக்கு நடுவே இருக்க வேண்டிய அடுக்கு இல்லையென்றால் அங்கேதான் முதலில் நின்று பார்க்க வேண்டும், இல்லாத அடுக்குத்தான் நிறையச் சொல்லும் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவர் பிலோமின். வாரா வாரம் தன் வீட்டு வாசலிலேயே விட்டுப்போயிருந்த ஒரு நாள் அவர் கண்ணில் படவேயில்லை.

"வாங்க மிஸ், ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்" என்றாள் செலின்.

ஏரித்தெரு முனைக்கு இருவரும் நடந்து போனார்கள். கோதண்டம் பெஞ்சைத் துடைத்தார். "வாங்க டீச்சரம்மா, நீங்க இந்தப் பக்கமெல்லாம் வருவீங்களா! உக்காருங்க, இஞ்சி தட்டிப் போடறேன்" என்றார். அவர் நல்ல மனிதர். யாருக்கும் கடன் இல்லை என்று சொன்னதில்லை. டீயை ஆற்றிக்கொண்டே தெருப்பக்கம் பார்த்தார். சூசை வந்துகொண்டிருந்தார். கோதண்டம் அவரை ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னிக்கு லேட்டா?" என்று கேட்டார். அந்தச் சொல்லை இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் நிலைத்துவிடும். கோபமாகச் சொல்லவில்லை, கேலியாகக்கூடச் சொல்லவில்லை, சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சூசை டம்ளரை வாங்கிக்கொண்டு தள்ளி நின்று குடித்தார். பிலோமினைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டார். துண்டு கையில் இருந்தது.

பிலோமின் அங்கிருந்து நேரே கடைத்தெருவுக்குப் போனார்.

"அண்ணே, வியாழக்கிழமை தவறாம அந்தத் தெருவுக்குப் போறீங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

தாண்டவராயன் எது என்று கேட்கவில்லை. லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரியும்" என்றார் கடைசியில். "எதிர்ப்பக்கம் நின்னு கூப்பிட்டுட்டு வந்துடுவேன். படத்துக்காக அந்த ஏரியைச் சுத்தி எங்கெங்கயோ கேமராவை வச்சேன் டீச்சரம்மா. அந்த மூலையில மட்டும் வைக்கல."

"பேர் இனிமே அங்கயே இருக்கட்டும்னு நெனைக்கறேன்."

"நத்தைக்கு இல்லியா?"

"இல்ல. நமக்கும் இல்ல. உங்களைக் கேக்காம செய்ய முடியாது."

அவர் லென்ஸை உறையில் போட்டு மூடினார். பிறகு, "ஏரியை இன்னும் கொஞ்ச நேரம் கூடக் காட்டணும், அவ்வளவுதானே. ஏற்கெனவே படம் நீளம்னு சொல்றானுங்க" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "செய்ங்க" என்றார்.

திருச்சிக்காரருக்குப் போன் செய்தார் பிலோமின். "இந்த மாதிரி இன்னொரு நத்தை உங்க ஆயுசுல கிடைக்காதும்மா" என்றார் அவர். "தெரியும் சார்." "அப்ப என்ன பேர்தான் வைக்கறது?" "அது கெடந்த ஊரோட பேரை வைங்க." போனை வைத்துவிட்டு நத்தையைத் தண்ணீரில் அலசினார், துடைத்தார், ஈரம் இருக்கிறதென்று மறுபடியும் துடைத்தார். அன்றைக்கு அடுப்புப் பற்ற வைக்கவில்லை. அதன் சுற்றில் விரல் வைத்துப் பார்த்தபோது, இதில் எங்கே ஓரிடத்தில் என் பெயர் உட்கார்ந்திருக்கும் என்று ஒரு தரம் நினைத்தார். இன்னொரு தரம் நினைக்க வேண்டாமென்று துணியைப் போட்டு மூடினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கடைத்தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், ஏரித்தெருவில் சூசை வீட்டு வாசலில் போய் நின்றார் பிலோமின். மாதா கோயில் தெரு வீட்டிலிருந்து ஒரு ஆள் அந்த வாசலில் நின்றது அதுதான் முதல் தடவை.

"லம்பேர்!" என்று கூப்பிட்டார்.

செலின் எட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு செவ்வாக்கிழமை மிஸ். தெரு மாறி வந்துட்டீங்க."

"மாறல. இனிமே கெழமை கிடையாது. முறையும் கிடையாது. வச்சுக்கங்க."

உள்ளேயிருந்து சூசை வாசற்படிக்கு வந்தார். "பாவம் பாத்துக் குடுக்கறதா இருந்தா எடுத்துக்கிட்டுப் போயிடுங்க டீச்சரம்மா. பழைய துணி வாங்கற வீடு இல்ல இது."

"பாவம் பாக்கல. பங்கு தப்பாப் போட்டிருக்கு. மூணு வீட்டுக்கும் சமமாப் போட்டா சரியாப் போச்சுன்னு நெனச்சுட்டாங்க. எனக்கு அது இல்லன்னா ஒண்ணும் ஆகறதில்ல."

"ஆகறதில்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? பேர் இல்லாத நாள்ல இந்தத் தெருவுல நடந்திருக்கீங்களா?"

"இல்ல."

"இல்லல்ல?" என்றார் சூசை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

பிலோமின் மறுபடி கூப்பிட்டார். பதில் இல்லை. கூப்பிட்டும் யாரும் வாங்கிக்கொள்ளாத பெயர் தெருவிலேயே நின்றது. ஆடுகள் காதை உதறின. குடத்துத் தண்ணீர் சிலிர்த்தது. போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் தன்னைத்தான் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்ததால் நின்று நின்று திரும்பினார்கள். கோதண்டம் இரண்டு தரம் கடையை விட்டு இறங்கி "யாரு, என்னையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கூட்டம் சேர்ந்தது.

"டீச்சரம்மா இன்னா ஏலம் விடறாங்களா?"

"வாங்கறதுக்கு ஆள் இல்லியே."

"ஏன், நீ வாங்கிக்கோயேன். மிசியே லம்பேர், ஒரு பீடி குடுங்கன்னு கேக்க நல்லாத்தான் இருக்கும்."

தன் வீட்டு வாசலில் காத்திருந்து பார்த்துவிட்டுத் தாண்டவராயனும் வந்தார். வழக்கமாக நிற்கிற எதிர்ப்பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தெருவைக் கடந்து வந்து பிலோமின் பக்கத்தில் நின்றார். கூப்பிட அவரிடம் பெயர் இல்லை. முறையில்லாத நாளில் மங்கிப்போயிருந்த அவரைக் கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியவுமில்லை.

"நான் குரல் குடுக்கட்டுமாப்பா?" என்றாள் செலின் உள்ளே.

"வேணாம். இருக்கட்டும்." சூசை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "எங்க தாத்தன் காலத்துலேர்ந்து அந்த வீட்டு ஆளுங்க வாயில இந்தப் பேர் இந்த வாசல்ல வந்ததில்ல. வரட்டும். இன்னும் கொஞ்சம் வரட்டும்."

பிலோமின் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முதலில் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற குரலில் கூப்பிட்டார். பிறகு ஒரு பொருளை ஒப்படைக்க வந்தவரின் அவசரத்தோடு கூப்பிட்டார். பிறகு கோபத்தோடு, பிறகு அழுகைக்குப் பக்கத்தில். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அலுத்தது. மாடு கறக்க, விளக்குப் போட, சோறு வடிக்க என்று ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். தாண்டவராயனுக்குக் கால் வலித்தது. "நான் போறேன் டீச்சரம்மா, நீங்க விடாதீங்க" என்று பிலோமினின் தோளைத் தொடுவது போலக் கையைக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டு போனார். ஏரியில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தொண்டை கட்டிப்போய், கொடுப்பதும் மறந்துபோய், பங்கும் மறந்துபோய், பக்கத்து வீட்டுக்காரரை ஒரு வேலையாகக் கூப்பிடுகிற மாதிரி, "லம்பேர்… இருக்கீங்களா?" என்றார் பிலோமின்.

"வந்தேன்" என்றார் சூசை.

அவ்வளவுதான். சத்தம் ஒன்றும் இல்லை. பிலோமின் கையைப் பார்த்தார். கை இருந்தது.

முனையில் கோதண்டம் கடையைச் சாத்தப் பலகையைத் தூக்கியவர், சூசை வாசலில் நிற்பதைப் பார்த்து, எப்போதும் கூப்பிடுகிறபடி கூப்பிட வாயைத் திறந்தார். கிழமை செவ்வாய். பழைய சொல்லைத் தேடிப் பார்த்தார், நாக்கில் இல்லை. "லம்பேர்" என்றார், தானே ஒரு கணம் திகைத்து. "கடை சாத்தப் போறேன், கடைசி டீ ஒண்ணு இருக்கு."

"சக்கரை கம்மியா" என்றார் சூசை.

கோதண்டம் கொண்டுவந்து கொடுத்தார். குடித்து முடிக்கிற மட்டும் அங்கேயே நின்றார். டம்ளரை வாங்கிக்கொண்டு, பலகையைப் போட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். பிலோமினின் தோளை உரசிக்கொண்டுதான் போனார். அங்கே ஒருவர் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. செலின் விளக்கைப் போட்டாள். சூசை வாசலில் கொஞ்ச நேரம் நின்று தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார், பிலோமின் நின்ற இடத்தையும் பார்த்தார், பிறகு உள்ளே போனார்.

பிலோமின் தெருவில் நடக்கத் தொடங்கினார். வாசல்களில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் இல்லாத நாளில் இந்தத் தெருவில் நடந்திருக்கிறீர்களா என்று சூசை கேட்டாரே, இதோ நடக்கிறேன் என்று ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் நின்று, இவர்கள் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்துப் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. பெயர் போன பிறகு அவருக்கென்று அந்தத் தெருவில் எடுத்து வைத்திருந்த வேறு சொல் எதுவும் இல்லை, ஒரு வாசலில்கூட இல்லை. அதைக் கடைசி வீடுவரை நின்று நின்று பார்த்து, நிச்சயம் செய்துகொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஏரிக்கரை வழியாக நடந்து போனார்.